புதுச் சட்டியில் ரோஸ்ட்

மிளகும் பூண்டும் வினிகரும் கறியோடு சேர்ந்து வெந்து, தண்ணீர் முழுதும் சுண்டி, கறி தன் கொழுப்பிலேயே சடசடவென்று பொரியத் தொடங்கும்போது ஒரு வாசனை எழும். அது மூக்கில் ஏறிவிட்டால் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் எழுந்து அடுப்படிக்கு வந்துவிடுவேன். காரைக்காலில் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் “ரோஸ்ட்”.

கடைத்தெரு ஹோட்டலில் ரோஸ்ட் கேட்டால் தட்டைத் தாண்டி நீளும் முறுகல் தோசை வரும். பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் அத்தை அந்தச் சொல்லையே பிரெஞ்சில் “ரொத்தி” என்பார். அவருக்கு அது அடுப்புப் பெட்டிக்குள் முழுசாக வைத்துச் சுட்ட கோழி. காப்பிப்பொடிக் கடைக்காரர் ரோஸ்ட் கூடவா குறையவா என்று கேட்டுவிட்டுத்தான் அரைப்பார். இன்று என் மகன், வகுப்பில் ஒருவனை எல்லோருமாகச் சேர்ந்து கேலி செய்ததை “செம ரோஸ்ட்” என்று வந்து சொல்கிறான். ஒரு இங்கிலீஷ் சொல் சின்ன ஊருக்குள் இத்தனை வேலை பார்க்கிறது. எனக்கோ அதைக் கேட்டதும் முதலில் ஷமீமாவின் முகம்தான் வருகிறது. அவளை எனக்குப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். அவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

ரோஸ்ட் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. ஆனால் சட்டி எனக்கு மட்டும். கறியை வழித்து எடுத்த பிறகு “இருப்புச்சட்டி” என்று நாங்கள் சொல்லும் இரும்பு வாணலியின் அடியில் கறுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் மசாலாவில் அம்மா ஒரு பிடி சுடுசோற்றைப் போட்டு, கரண்டியால் சுரண்டிச் சுரண்டிப் பிரட்டி, உருட்டி என் கையில் வைப்பாள். நான் ஒற்றைப் பிள்ளை. அந்த உருண்டைக்குப் போட்டியென்று ஒருவரும் இருந்ததில்லை, அப்பா கேட்டால்கூட “அது செலினுக்கு” என்று அம்மா சொல்லிவிடுவாள்.

ஐந்தாம் வகுப்பில் அதற்கு முடிவு வந்தது. மூன்று வீடு தள்ளி இருந்த ஷமீமா என்னோடு ஒரே வகுப்பில் படித்தாள். அவளுடைய வாப்பா சவூதியில் இருந்தார். உம்மா பிள்ளை உண்டாகியிருந்தார், கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா நேரே அந்த வீட்டுக்குப் போய், பிள்ளை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிடட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். கறியை எப்போதும் பாய் கடையில்தான் வாங்குவோம், அதில் சங்கடமில்லை. ஆனால் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் எங்கள் வீட்டில் பன்றிக்கறி ரோஸ்ட் உண்டு, பழைய சட்டி அது பட்ட சட்டி. அதனால் ஷமீமாவுக்கென்று அம்மா புதிதாக ஒரு இருப்புச்சட்டி வாங்கினாள். மூன்று நாள் கஞ்சித்தண்ணீரும் எண்ணெயுமாகப் பழக்கி, தனி ஆணி அடித்து மாட்டி, தனிக் கரண்டியும் போட்டு, அதை அவள் உம்மாவிடமும் சொல்லி வைத்தாள்.

அன்றிலிருந்து ரோஸ்ட் என்றால் புதுச் சட்டிதான். சட்டிச் சோறும் இரண்டு உருண்டையானது, அதிலும் முதல் உருண்டை அவளுக்கு. வந்த பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டுமாம். ஒருநாள் வந்தால் வந்த பிள்ளை, ஆறு மாதம் தினமும் வந்தால் அவள் யார் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அளவு பார்ப்பேன், அவளுடையது பெரிதாகவே தெரியும். சாப்பிட்டு முடித்ததும் அம்மா அவளுக்குப் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிவிடுவாள், அவள் கணக்கு நோட்டைப் பார்த்து “எப்படி அழகா எழுதியிருக்கு பாரு” என்று என்னிடமே காட்டுவாள். எல்லாவற்றுக்கும் மேல், அவள் என் அம்மாவை “அம்மா” என்றே கூப்பிடத் தொடங்கினாள். அவளைப் பெற்றவர் உம்மா. அதனால் அம்மா என்ற சொல் அவளிடம் சும்மா கிடந்தது, அதில் என் அம்மாவைக் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டாள். எனக்கு இருந்தது ஒரே சொல். அதைப் பங்கு போட நான் யாரிடமும் சம்மதிக்கவில்லை.

டிசம்பர் பிறந்தது. இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பன்றி வேண்டாம், கோழியே ரோஸ்ட் பண்ணிவிடலாம், அப்போதுதான் ஷமீமாவும் நம்மோடு உட்கார்ந்து சாப்பிட முடியும் என்று அம்மா அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சரி என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் உருண்டை போனது, என் அம்மாவின் மடி போனது, இப்போது என் கிறிஸ்துமஸும் போகிறது என்று நினைத்தேன்.

மறுநாள் இடைவேளையில், பள்ளிக்கூடக் குழாயடியில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

“ஞாயித்துக்கெழம ஒன் சட்டியிலதான் அம்மா பன்னிக்கறி வறுத்தாங்க. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாங்க.”

முழுப்பொய். முதல் நாள் திங்கட்கிழமை அவள் அந்தச் சட்டிச் சோற்றைச் சாப்பிட்டிருந்தாள். அவள் குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். துப்பிவிட்டு மறுபடி கொப்பளித்தாள். மணி அடித்த பிறகும், சீருடையின் முன்பக்கம் முழுதும் நனைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. நான் வகுப்புக்கு ஓடிவிட்டேன்.

அன்று மத்தியானம் அவள் சாப்பிட வரவில்லை. அம்மா தட்டை வைத்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மறுநாளும் வரவில்லை என்றதும், சாயங்காலம் சேலையை மாற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். நான் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். இன்று முதுகுத்தோல் உரியப்போகிறது என்று தெரியும். அம்மா திரும்பி வந்தாள், கொல்லைக் குழாயில் முகம் கழுவினாள், புதுச் சட்டியை ஆணியிலிருந்து எடுத்துச் சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷமீமா காட்டிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது என்று நான் மூச்சு விட்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் பழைய சட்டியில் பன்றிக்கறி ரோஸ்ட் ஆனது. சட்டிச் சோறு முழுதும் எனக்கே வந்தது. நெஞ்சில் அடைத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் மிகச் சுவையாக இருந்தது, விரலைக்கூட நக்கினேன். கோயிலில் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் பள்ளியில் திருடிய சாக்குக்கட்டியைச் சொன்னேன், இதைச் சொல்லவில்லை. அடுத்த கோடையில் அவர்கள் குடும்பமே சவூதிக்குப் போய்விட்டது.

அம்மா போய் இரண்டு வருடமாகிறது. என் சமையலறையில் இருப்பது எதுவுமே ஒட்டாத சட்டி, சுரண்டினால் கெட்டுப்போகும் என்று மரக்கரண்டியும் கொடுத்திருக்கிறார்கள். வினிகர் வாசனை பிள்ளைகளுக்குப் பிடிப்பதில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சாவிகள் பாரிசிலும் துபாயிலும் இருக்கின்றன.

இந்த மே மாதம் ஷமீமா துக்கம் கேட்க வந்தாள். மறுநாள் அவளையும் அவள் பிள்ளைகளையும் கடைத்தெரு ஹோட்டலுக்கு அழைத்துப் போனேன். பிள்ளைகள் ரோஸ்டை உடைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது, முப்பது வருடமாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்: அன்றைக்குக் குழாயடியில் நான் சொன்னது பொய், அந்தச் சட்டியில் அம்மா ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள்.

“பொய்யா? அம்மாவே வந்து ஆமான்னாங்களே, செலின்.”

பிறகு அவள்தான் சொன்னாள். அந்தச் சாயங்காலம் என் அம்மா, பிள்ளை ஏன் சாப்பிட வரவில்லை என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறாள். செலின் இப்படிச் சொன்னாளாமே, நிஜமா என்று உம்மா கட்டிலிலிருந்தபடியே கேட்டிருக்கிறார். அம்மா நிலைப்படியைத் தாண்டாமலே நின்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள்.

“என் கைதான் தவறிப்போச்சு. எம் பொண்ணு உள்ளதத்தான் சொல்லியிருக்கு. மன்னிச்சிருங்க.”

தெரியாமல் நடந்ததில் குற்றமில்லை என்று உம்மா சொல்லியும் அம்மா கையை இறக்கவில்லையாம். அதன் பிறகு ஷமீமாவை எந்த முகத்தோடு சாப்பிடக் கூப்பிடுவாள்? அந்தப் பிள்ளை மேல் அவ்வளவு ஆசை வைத்திருந்த அம்மா, என்னைப் பொய்க்காரி என்று அந்த வீடு சொல்லிவிடக்கூடாது என்று அவளையே விட்டுவிட்டாள்.

அம்மா அழுதாளா என்று கேட்டேன். ரொம்ப நேரம், என்றாள் ஷமீமா. எனக்காக என் அம்மா நின்று அழுததை அவள் பார்த்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. அதற்கும் எனக்கு அவள் மேல் பொறாமையாக இருக்கிறது.