குனியாத ராசா

புதுத் தென்னோலைக் கிடுகின் மணம் மூக்கில் ஏறினால் போதும், எனக்கு ஒன்பது வயதாகிவிடும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம். அகந்தையால் அழியும் அரசனாக அக்கா நடித்தாள். ஒத்திகையில் ரீச்சர் கேட்டார்: "இந்த ராசா ஏன் அழிஞ்சார்?"

"எல்லாம் விதி, ரீச்சர்" என்றாள் அக்கா, யோசிக்காமலே.

நாடகத்தன்று பின்னேரம் முற்றம் கொள்ளாத சனம். கிடுகுப் பந்தலின் மேடை வாசல் தாழ்வு. சுன்னாகம் சந்தையில் வாங்கிய பொன்தாள் ஒட்டிய கிரீடமோ ஒரு முழ உயரம்.

"குனிஞ்சு போ, பிள்ளை" என்றார் ரீச்சர். மந்திரியாக நடித்தவளும் சொன்னாள். நானும் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னேன்.

"ராசா ஆருக்கும் குனியமாட்டார்" என்றாள் அக்கா.

மத்தளம் அதிர்ந்தது. அக்கா நிமிர்ந்து நடந்தாள். வாசல் மூங்கிலில் நெற்றியும் கிரீடமும் ஒன்றாக மோதின. கிரீடம் சனத்துக்குள் உருள, அரசன் இரட்டைப் பின்னலோடு மேடையில் நின்றான். முற்றமே சிரித்தது.

திரை விழுந்ததும் ரீச்சர் அதே கேள்வியைக் கேட்டார். அக்கா நெற்றி வீக்கத்தைத் தடவினாள்.

"விதியில்லை, ரீச்சர். மூண்டு பேர் சொன்னவை. நான் கேக்கேல்லை."

இன்று அக்காவின் பேத்தியின் கலியாணப் பந்தலிலும் வாசல் தாழ்வுதான்.

"குனியுங்கோ அக்கா" என்றேன்.

எண்பது வயது அக்கா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அன்றைய ராசா போலவே நிமிர்ந்தபடி நடந்தாள்.