இடப்பக்கக் கொக்கியைத் தேடி ஆற்காட்டுக்கு

புஜ்ஜி, இந்தத் தடவை உன் இணையப் பக்கத்தில் நான் எழுதுகிறேன். உன்னை மாதிரி எனக்கு எழுத வராது. நான் பேசப் பேச போனே எழுதுகிறது, அது தப்பாக எழுதினதை மட்டும் விரலால் மாற்றுகிறேன். மளிகைக்கடைக்குச் செய்தி அனுப்புவதற்காக நீதான் இதைச் சொல்லிக்கொடுத்தாய்.

படிக்கிற மற்றவர்களுக்கு: நான் புஜ்ஜியின் அம்மா. பழைய கார் சாமான்களை மாற்றிக்கொள்ளும் சந்தைகளுக்குப் போய் வந்து இங்கே எழுதிக்கொண்டிருந்தவள் என் மகள். "அடுத்த சந்தை எப்போ அக்கா?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். போன ஆடியில் வந்த காய்ச்சலில் அவள் இறந்துவிட்டாள். இந்த வார்த்தையை இப்போது எழுதிவிட்டேன். ஆனால் இந்த மாசி வரைக்கும் நான் அதை வாயால் சொன்னதே இல்லை. யார் கேட்டாலும் "ஊர்ல இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நாங்கள் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். வீட்டில் இரண்டு தறி. நாங்கள் நெய்து கொடுக்கும் கடை முதலாளியின் கொட்டகையில் ஓர் அம்பாசடர் பல வருடமாகத் துருப்பிடித்து நின்றது. புஜ்ஜி டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் வேலைக்குப் போனதும் அதை வாங்கி, பக்கத்துக் காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். தறிக்கு நெடுக்காக ஓடும் பாவு நூலை நாங்கள் விரித்துக் காயவைக்கிற இடம் அது. "பாவு போடுற எடத்துல காரு. நாளையிலேருந்து என் பாவ உன் காரு மேலயே காய வெக்கிறேன்" என்று அவள் அப்பா சத்தம் போட்டார். "வெய்யிப்பா, காருக்கும் ஒரு பட்டு கெடைக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் அவரே ஞாயிற்றுக்கிழமைகளில் துணி எடுத்துத் துடைத்துக்கொடுப்பார்.

அவள் போனபோது வண்டியில் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. முன்கதவில் பெரிய கண்ணாடிக்கு முன்னால் முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், பார்த்திருப்பீர்கள். இடப்பக்கக் கதவில் அதைத் திறந்து மூடுகிற கொக்கி இல்லை. தறியில் மிஞ்சின பட்டு நூலால் அதை இழுத்துக் கட்டிவைத்திருந்தாள். அரக்கு நிற நூல். கொக்கியை மட்டும் மாட்டிவிட்டால் வண்டி முடிந்தது. ஆறு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். தை மாதம் ஒருநாள் போய்ப் பார்த்தால் வெயிலில் நூல் வெளுத்துப்போயிருந்தது. அது அறுந்து கண்ணாடி விழுந்து உடைவதற்குள் கொக்கியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

சந்தை ஆற்காட்டுக்கு வெளியே, ஓடாத ஓர் அரிசி மில் வாசலில், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு நடக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர். காலை ஆறேகால் வேலூர் பஸ்ஸில் ஏறினேன், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஆற்காடு ஊருக்குள் போகிற பஸ்தானா என்று கேட்டு ஏறுங்கள், சிலது பைபாசிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். எனக்கு அடைத்த வண்டியில் போனால் வயிற்றைப் புரட்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு, கையில் எலுமிச்சம்பழம், அப்படித்தான் எப்போதும். தாமல் ஏரி வரும்போது கொஞ்சம் குளிர்ந்த காற்று வந்தது. ஆற்காட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

மில் வாசலில் தார்ப்பாய் விரித்து, டயர், ஹார்ன், மீட்டர், கதவுக் கைப்பிடி என்று எல்லாம் கொட்டிவைத்திருக்கிறார்கள். நான் ஒருத்திதான் பெண். ஒருவர் என்னைப் பார்த்ததும், "பழைய பாத்திரம் எல்லாம் மெயின் ரோட்டுல போடுவாங்கம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர், "யோவ், கட்டியிருக்கிற சேலையைப் பாருய்யா. காரோட வெலை இருக்கும்" என்றார். சிரித்துவிட்டு நடந்தேன். (அது கடைக்குப் போகாமல் கறை விழுந்து நின்றுபோன சேலை. சரி, அது வேறு கதை.)

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பதினோரு மணி வரைக்கும் காசுக்குக் கொடுக்க மாட்டார்கள். சாமானுக்குச் சாமான்தான். மாற்றிக்கொள்கிறவர்கள் இரண்டு பேரும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் "குஷியா?" என்று கேட்க வேண்டும். இரண்டு பேரும் "குஷி" என்று சொன்ன பிறகுதான் பைக்குள் போகும். சொல்லிவிட்டால் அப்புறம் திருப்பித் தர வரக்கூடாது. புஜ்ஜி இதைப் பற்றி இங்கேயே எழுதியிருக்கிறாள், அதனால் அவள் பெட்டியிலிருந்து இரண்டு ஹெட்லைட் வளையங்களை எடுத்துப் போயிருந்தேன்.

இன்னொன்றும் எடுத்துப் போனேன். நாங்கள் கையில் மாதிரி இல்லாமல் எங்கேயும் போக மாட்டோம். சாயம் போடுகிறவரிடம் போனாலும் மாதிரி நூலைக் கொடுத்து "இதே வரணும்" என்போம். அதே மாதிரி, வண்டியின் வலப்பக்கக் கதவில் நன்றாக இருந்த கொக்கியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஒரு வேப்பமரத்தடியில் பாய் ஒருவர் கடை போட்டிருந்தார். வெள்ளைத் தாடி, முட்டி வலிக்காக ஸ்டூல். என் கொக்கியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இதே வேணுமாம்மா?"

"இதே. அச்சா இதே இருக்கணும் பாய்."

ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடி ஒன்றை எடுத்துக்கொடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. ஹெட்லைட் வளையங்களை நீட்டினேன். "குஷியா?" என்றார். "குஷி" என்றேன். பஸ்ஸில் வரும்போது மடியில் இரண்டையும் வைத்துத் தடவிக்கொண்டே வந்தேன். அவள் தேடியும் கிடைக்காதது எனக்கு முதல் நாளே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

மாலையில் முரளி வந்தான். புஜ்ஜியோடு வேலை பார்த்தவன், வண்டியில் பாதி அவன் கை. மாட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னான்: "அம்மா, இது ரைட்டு சைடு. நமக்கு லெஃப்ட்டு இல்ல வேணும்."

எனக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கிறது என்றேன். புஜ்ஜி அப்பாதான் சொன்னார்: "இன்னாமே நீ. சேலையில ரெண்டு கரையிலயும் மயிலு ஒரே பக்கமாவா பாத்துக்கினு இருக்குது? இது இந்தாண்ட பாத்தா அது அந்தாண்ட பாக்கும். இத்தினி வருஷம் நெய்யிற, இது தெரியலியா?"

தெரியும். தறியில் தெரியும். கையில் கொக்கியோடு நின்றபோது தெரியவில்லை.

மாசியில் மறுபடி போனேன். அதே பஸ், அதே எலுமிச்சம்பழம். இந்தத் தடவை நேராகப் பாய் கடைக்கே போனேன். கொடுத்ததைத் திருப்பக்கூடாது என்று தெரியும், அதனால் அந்தக் கொக்கியையே புதுச் சாமான் மாதிரி மாற்றுக்கு நீட்டினேன்.

"இடப்பக்கம் வேணும் பாய்."

"இடப்பக்கம் இல்லம்மா."

பக்கத்துத் தார்ப்பாய்க்காரர் தலையைத் தூக்கினார். "இன்னா பாய், கூசாம பொய் சொல்றே. பிஸ்கட் டப்பாவுல வெச்சிக்கினு இருக்கியே."

"அது குடுக்கிறதுக்கு இல்லய்யா."

"அப்ப வளர்க்கிறதுக்கா?"

பாய் அவரை முறைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கோச்சிக்காதம்மா. அது ஒரு பொண்ணுக்காக எடுத்து வெச்சது. காஞ்சிபுரத்துப் பொண்ணு. கண்ணாடி போட்டிருக்கும், ஸ்கூட்டில வரும். ஒரு வருஷம் கேட்டுச்சு. கெடைக்கல, கெடைக்கலன்னு அனுப்பினேன். மழைக்காலத்துல ஒரு வண்டியை உடைக்கிறப்போ கெடைச்சுது. அப்புறம் அது வரவேயில்ல. வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

அவராகவே பேசினார்.

"எல்லாரும் டிரைவர் பக்கத்துக்குத்தான் அலைவாங்க. இது மட்டும் இடப்பக்கம் இடப்பக்கம்னு நிக்கும். ஏம்மா, இல்லாம வண்டி ஓடாதான்னு கேட்டேன். 'ஓடும் பாய். எங்க அம்மாவுக்குக் காரு ஏறினாலே வாந்தி. அந்தக் கண்ணாடியைத் திருப்பி வெச்சா காத்து நேரா மூஞ்சில அடிக்கும். அது இல்லாம எங்க அம்மா ஏறாது, அம்மா ஏறாம எனக்கு எதுக்குக் காரு'ன்னுச்சு. அப்படிச் சொன்ன புள்ளைக்கு வெச்சதை எடுத்து இன்னொருத்தருக்குத் தர முடியுமா? நீயே சொல்லு."

"அது வராது பாய்" என்றேன்.

"ஏன், கல்யாணம் ஆயிடுச்சா? வெளியூரா?"

ஊர்ல இல்ல என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால், ஊரிலிருந்து வரட்டும் என்று அவர் இன்னும் காத்துக்கொண்டிருப்பார். டப்பாவும் அப்படியே இருக்கும். ஒரு நிமிடம் எனக்கு அது நன்றாகக்கூட இருந்தது, புஜ்ஜி. நீ வருவாய் என்று நம்புகிறவர் உலகத்தில் ஒருவராவது இருக்கிறார். அவரிடம் போய் நான் ஏன் சொல்ல வேண்டும்?

"செத்துப்போச்சு பாய்" என்றேன். "ஆடியில. நான்தான் அந்த அம்மா."

பாய் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். பக்கத்துத் தார்ப்பாய்க்காரர் தன் ரேடியோவை நிறுத்தினார். யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலை என் கையில் வைத்தார்கள். பாய் குனிந்து, ஸ்டூலுக்கு அடியில் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த கொக்கியை எடுத்தார். துருவை எல்லாம் தேய்த்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். நான் நீட்டிய வலப்பக்கக் கொக்கியை வாங்கிக்கொண்டார். போன மாதம் நான் கொடுத்த இரண்டு வளையங்களையும் தேடி எடுத்து என் பையில் போட்டார். நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. "குஷியா?" என்றும் அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாமானுக்குச் சாமான் எடுத்துப் போங்கள். காசு மட்டும் கொண்டுபோனால் பதினோரு மணி வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டியதுதான். கெட்டியான செருப்பு போடுங்கள், தரையெல்லாம் ஆணி. பெண்களுக்குக் கழிவறை வசதி இல்லை, பஸ் ஸ்டாண்டிலேயே போய்விட்டு வருவது நல்லது. மாதிரி கொண்டுபோனால் அது எந்தப் பக்கத்துக் கதவிலிருந்து கழற்றியது, உங்களுக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். யாருக்காகத் தேடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நான் முதல் தடவையே சொல்லியிருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே கிடைத்திருக்கும். பாய் கடை வேப்பமரத்தடியில்தான் இருக்கும்.

கொக்கியை முரளி மாட்டினான். நூலை நான்தான் அவிழ்த்தேன், கத்தரிக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்தோம். முரளி ஓட்டினான். புஜ்ஜி அப்பா பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். நான் இடப்பக்கம். தாமல் ஏரிக்கரை வரைக்கும் போய்த் திரும்பினோம். எலுமிச்சம்பழத்தை வீட்டிலேயே மறந்துவிட்டேன் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. கொக்கியைத் தூக்கிக் கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளினேன், காற்று சத்தம் மட்டும் வந்தது. பாதி தள்ளினேன், கை மேல் பட்டது. முழுக்கத் திருப்பினதும் முகத்தில் வந்து மோதியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. "போதுமா அம்மா, மூடணுமா?" என்று முரளி கேட்டான். எனக்கு என்ன தெரியும்? இதையெல்லாம் நீயல்லவா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதாக இருந்தாய்.

நீ எனக்காக நினைத்து வைத்திருந்த காற்று இதுதானா, புஜ்ஜி?