சூலம் இருந்த கை

லேத் பட்டறையில் அவருக்கு 'மைக்ரான்' என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் மைக்ரான். அளவு அந்தத் துளி பிசகினாலும் மனிதர் விடமாட்டார். கடைந்த பொருளைக் கழிவுத் தொட்டியில் வீசிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். முப்பத்தோரு வருடம் அப்படியே ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றார். கடைசி நாளில் உடன் வேலை பார்த்தவர்கள் ஆசையாக ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். அது ஒரு நிமிடம் பிந்தி ஓடுகிறது என்று அங்கேயே, மாலை கழுத்தில் இருக்கும்போதே சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் நல்ல மனிதர் ஒரு தப்புச் செய்தால் அதைத் தப்பு என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள். அதுதான் சங்கடம்.

சாமிச் சிலைகளையும் அவர் பட்டறை வரைபடம் படிப்பது போலத்தான் படித்தார். வரைபடத்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு அர்த்தம் உண்டு அல்லவா? அம்மன் கையில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒன்று வைத்திருந்தார். தாமரை என்றால் சேற்றில் நின்றும் சேறு ஒட்டாத மனசு. வீணை என்றால் படிப்பு. உட்கார்ந்த லட்சுமி வீட்டில் தங்குவாள். நின்ற லட்சுமி எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரர் பிரியமாக வாங்கி வந்த லட்சுமி நின்றுகொண்டிருந்தாள் என்பதற்காக, இவர் பேச்சைக் கேட்டு அதைக் கடைக்கே திருப்பி எடுத்துக்கொண்டு போனார் பாவம்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு, கல்யாணமாகி வரும்போது அவர் மனைவி கையோடு ஒரு துர்க்கையைக் கொண்டுவந்தாள். பித்தளைச் சிலை, ஒரு சாண் உயரம். காலடியில் சிங்கம். வலது கை 'பயப்படாதே' என்று உயர்ந்திருக்கும். இடது கை மூடிய பிடி; அந்தப் பிடியின் துளையில் ஒரு சூலம் செருகியிருக்கும். துலக்கும்போது கழற்றிக்கொள்ளலாம்.

மனைவி மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ரகம். துணி தைக்கிற கம்பெனியில் அவள் இருந்தபோது மேற்பார்வையாளன் ஒரு பெண்ணைக் கெட்ட வார்த்தையால் திட்ட, தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்துபோய் அவனை மன்னிப்புக் கேட்க வைத்தவள். அந்த வாய் இந்த வீட்டுக்கு வந்ததும் எப்படி அடங்கும்? முதல் வருடம் இரண்டு பேருக்கும் நாளுக்கு ஒரு வாக்குவாதம். மைக்ரான் காரணத்தை ஆராய்ந்தார். பூஜை அலமாரியில் கண்டுபிடித்தார்.

"ஆயுதம் வெச்ச அம்மன் கோயிலுக்குத்தான் சரி. வீட்டுக்குள்ள இருந்தா சண்டைதான் வரும்," என்றார்.

"சண்டை சாமியால வரலீங்க. நான் சொல்றதை நீங்க காதுலயே வாங்காததால வருது."

"பாத்தியா, இதைத்தான் சொல்றேன்."

"அந்தக் கையில சூலம் இருக்கறதாலதான் இந்தக் கை பயப்படாதேன்னு சொல்ல முடியுது," என்றாள் அவள். "வெறுங்கையை வெச்சுக்கிட்டுச் சொன்னா யாருங்க நம்புவா?"

அவர் சிரித்துவிட்டார். நன்றாகக் கதை விடுகிறாய் என்றார்.

மறுநாள் சிலையைப் பையில் போட்டுப் பட்டறைக்கு எடுத்துப் போனார். சூலத்தை உருவினார். பிடியின் துளையைக் கொஞ்சம் பெரிதாகக் குடைந்தார். மதிய இடைவேளையில் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு பித்தளைத் தாமரை செய்தார். எட்டு இதழ், எட்டும் ஒரே அளவு. அதன் காம்பை அம்மன் கையில் செருகியபோது இம்மியும் ஆடாமல் நின்றது. கூட இருந்தவர்கள் கைதட்டினார்கள். வீட்டில் மனைவி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "பூ நல்லாத்தான் இருக்கு," என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனாள். சூலத்தை அவர் உதிரிச் சாமான் டப்பாவில், பழைய ஆணிகளோடு போட்டார்.

அதற்குப் பிறகு வாக்குவாதம் மெல்ல மெல்லக் குறைந்தது. வீடு அமைதியானது. தாமரையின் மகிமை என்று மைக்ரான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மனைவி பேசி அலுத்து நிறுத்திவிட்டாள் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை. அவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்த மனிதருக்கு இவ்வளவு பெரிய விஷயம் கண்ணில் படாமல் போனதை நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஒரே மகள். கல்யாணமான ஒன்றரை வருடத்தில் ஒரு மத்தியானம் ஒற்றைப் பையோடு வந்து வாசலில் நின்றாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை.

"அடிச்சுட்டாரு. இது மூணாவது தடவை," என்றாள்.

"அவ இனிமே இங்கதான் இருப்பா," என்றாள் மனைவி. பல வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல் வீட்டில் கேட்டது.

மைக்ரான் கையமர்த்தினார். "கோபத்துல முடிவு எடுக்கக் கூடாது. நீயும் கொஞ்சம் விட்டுக் குடுத்துப் போம்மா." ஒரு மைக்ரானை விட்டுக்கொடுத்து அறியாதவர் சொன்னது இது. அதோடு விட்டிருக்கலாம். அலமாரியைக் காட்டி, "அம்மனைப் பாரு, கையில பூவை வெச்சுக்கிட்டு எவ்வளவு சாந்தமா நிக்கிறா," என்றும் சொன்னார்.

மனைவி அவரைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். பிறகு மகளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பத்து நிமிடத்தில் மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து, "கெளம்பலாம்பா," என்றாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று அவர் நினைத்தார். பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டு, மாப்பிள்ளையிடம் நாலு நல்ல வார்த்தை சொல்லி, அவன் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தார்.

ஐந்து மாதத்தில் மகள் அந்த வீட்டை விட்டு வெளியேறினாள். ஆனால் அப்பா வீட்டுக்கு வரவில்லை. வேறு ஊரில், ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை தேடிக்கொண்டு தனியாக இருந்தாள். மனைவி மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவாள். "நானும் வரட்டுமா?" என்று கேட்டால், "அவ கூப்பிட்டா சொல்றேன்," என்பாள். அவள் கூப்பிடவே இல்லை.

போன வருடம் மனைவி நாலே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். மகள் வந்தாள், ஆக வேண்டியதைப் பார்த்தாள், போய்விட்டாள். அதன் பிறகு சிலையைத் துலக்குகிற வேலை மைக்ரானிடம் வந்தது. ஒரு நாள் அந்த மூடிய பிடியைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தபோது கை நின்றுபோனது. வெறுங்கையை வெச்சுக்கிட்டுச் சொன்னா யாருங்க நம்புவா? முப்பது வருடத்துக்கு முன்னால் மனைவி சொன்னதை வெறும் பேச்சு என்று சிரித்திருந்தார். மகள் நம்பி வந்து நின்ற வீட்டில் பூவைக் காட்டித் திருப்பி அனுப்பியவர் தான்தான் என்று அப்போது விளங்கியது. ஈரத் துணியோடு தரையில் உட்கார்ந்து, வயசை மறந்து அழுதார்.

பிறகு மகளிடமிருந்து போன் வந்தது.

"ஞாயித்துக்கிழமை வர்றேன்பா. அம்மாவோட சாமியை எடுத்துட்டுப் போறேன்."

இன்னும் ஐந்து நாள் இருந்தது. சிலையைப் பழையபடி சூலத்தோடு கொடுத்துவிட வேண்டும், அதைப் பார்த்தாவது மகள் ஒரு தடவை 'வீட்டுக்கு வாங்கப்பா' என்று சொல்லிவிட மாட்டாளா? அவர் ஆசை அவ்வளவுதான். தாமரையை உருவி மேஜைமேல் வைத்தார். உதிரி டப்பாவைக் கொட்டினார். ஆணி இருந்தது, சூலம் இல்லை. பரண், மெத்தைக்கு அடி, மனைவியின் துணி அலமாரி எல்லாவற்றையும் கலைத்துப் போட்டார். எங்கும் இல்லை.

புதிதாகச் செய்துவிடலாம் என்று பழைய பட்டறைக்குப் போனார். பித்தளைக் கம்பியை மிஷினில் மாட்டினார். மாட்டியதும் அப்படியே நின்றார்.

"என்ன மைக்ரான், அளவு மறந்துபோச்சா?" என்று கேலி செய்தார் பழைய கூட்டாளி.

"மறக்கலப்பா. எடுக்கவே இல்ல," என்றார்.

வாழ்நாளில் அளவெடுக்காமல் அவர் கழற்றிய ஒரே பொருள் அதுதான். கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், சிலையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். காலிப் பிடியைப் பார்த்தாள்.

"சூலத்தைத் தேடாத எடமில்லம்மா. கெடைக்கல."

"கெடைக்காதுப்பா."

கைப்பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தாள். அதே சூலம். பளபளவென்று துலக்கியிருந்தது.

"அன்னைக்கு ரூமுக்குள்ள அம்மா குடுத்தாங்க," என்றாள்.

"என்ன சொல்லிக் குடுத்தா?"

மகள் கொஞ்சம் யோசித்தாள், சொல்லலாமா என்று. "'உங்கப்பா இதை அம்மன்கிட்ட இருந்து எடுத்துட்டாரு. நீ வெச்சுக்கோ. பயப்படாதே. முடியலைன்னா அங்கிருந்து கெளம்பிடு. இங்க வராதே, நேரா வேற ஊருக்குப் போ, நான் வர்றேன்'னாங்க."

இங்க வராதே. மைக்ரான் அந்த இரண்டு வார்த்தையை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

மகள் சூலத்தைச் செருகிப் பார்த்தாள். காம்புக்காகப் பெரிதாக்கிய துளை. சூலம் லொடலொடவென்று ஆடியது. "அஞ்சு நிமிஷம் குடு," என்று வாங்கிக்கொண்டார். மெல்லிய பித்தளைத் தகட்டை நறுக்கி, குழல் மாதிரி உருட்டி, துளைக்குள் இறக்கி, அதற்குள் சூலத்தைச் செருகினார். வேலை பிசகவில்லை. சூலம் நிமிர்ந்து நின்றது.

"இனி ஆடாது," என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, "நீ இதை வைக்கிற எடத்தை நான் ஒரு தடவை வந்து பாக்கலாமா?"

மகள் சிலையைத் துண்டில் சுற்றிக்கொண்டே, "அம்மா இருந்தப்பவே கேட்டிருக்கலாமேப்பா," என்றாள்.

"கேட்டேன்மா, அம்மாகிட்ட ஒவ்வொரு தடவையும் கேட்டேன்."

"என்கிட்ட கேக்கலையே."

"இப்ப கேக்கறேன்," என்றார்.

மகள் சிலையைப் பைக்குள் வைத்தாள். பையைத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "யோசிச்சுச் சொல்றேன்பா," என்றாள். மேஜையைக் கண்ணால் காட்டி, "அந்தப் பூவை நீங்களே வெச்சுக்குங்க," என்றாள்.

அவள் போன பிறகு மைக்ரான் தாமரையை அலமாரியில், சிலை நின்று பதிந்த வட்டத் தடத்தில் வைத்தார். அடியில் காம்பு நீட்டிக்கொண்டிருந்ததால் அது நிற்கவில்லை, உருண்டது. மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது. அது நிற்க ஒரு கை வேண்டும். அந்த வீட்டில் மிச்சம் இருந்தது அவர் கை ஒன்றுதான். பூவை அதில் பிடித்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார்.