நீலம் பட்ட வாதாம் இலை

காய்ந்த வாதாம் இலை ஊறிய தண்ணீருக்குப் பால் விடாத கட்டஞ்சாயாவின் நிறமும், நனைந்த விறகின் வாசமும் உண்டு. நான் ஆறாவது படித்தபோது, கம்பத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஒரு நீல 'ஃபைட்டர்' மீன் அப்படிப்பட்ட தண்ணீரில் ஒரே ஒரு நாள் கிடந்தது.

அது அண்ணனுடைய மீன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகுமுன் அதைத் தங்கையான என்னிடம் ஒப்படைத்தான். "கொழாத்தண்ணிய அப்படியே ஊத்திப்புடாத, மருந்து கெடக்கும். ரெண்டு நாளு வாளியில வச்சு, கால்வாசி மட்டும் மாத்து. நாலு உருண்டைக்கு மேல போடாத. போடப் போடத் திம்பான், நம்ம பெரிய மாமா மாதிரி."

ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவான். அப்பாவை நாங்கள் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவரும் அண்ணனும் முகம் பார்த்துப் பேசிப் பழகாதவர்கள்; "சாப்பிட்டியா", "ம்" என்பதோடு தீர்ந்துவிடும் பேச்சு, நான் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பியதும் அரைமணி நேரம் ஓடும்.

"இன்னைக்குச் செவுள விரிச்சானா அத்தா?" என்பான் அண்ணன்.

"விரிச்சானாவா? ஒன்னையவிட ரோசக்காரன்லே இவன்!"

கார்த்திகைக் குளிரில் மீன் சுணங்கி அடியில் படுத்துவிட்டது. ஞாயிற்றுக்கு இன்னும் மூன்று நாள்தான். "மீன் கடைக்காரகளக் கேட்டேன், வாதாம் எல போட்டா எந்திரிச்சிருமுன்னாக" என்று சொல்லி, அத்தா எங்கள் திராட்சைத் தோட்டத்து ஓரத்து மரத்தடியிலிருந்து ஓர் இலையைப் பொறுக்கி வந்தார். அதில் வெளிறிய நீலப் புள்ளிகள் இருந்தன. தூசியைத் தட்டுவதுபோல் கைலியில் துடைத்துவிட்டுப் போட்டார். முந்தின நாள்தான் கொடிகளுக்குப் பூஞ்சை பிடிக்காமலிருக்க நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்திருந்தார். இத்தனை வருஷமாகக் கொடியைக் காப்பாற்றிய மருந்தை விஷமென்று நினைக்க அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் மீன் மிதந்தது. அத்தா தொட்டியைப் பார்க்கவில்லை, தன் நகக்கண்ணில் படிந்திருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

"அதே நெறத்துல ஒண்ணு வாங்கி வச்சிருவோம், அவனுக்கா தெரியப்போகுது" என்றாள் அம்மா. அத்தா ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிறன்று, "ஏலே, எங்கையாலதான் போச்சு. துத்தம் பட்ட எலையப் போட்டுட்டேன்" என்றார். போனைப் பிடித்திருந்தது நான்தான். அண்ணன், "விடுங்கத்தா, மீனுதான" என்றான். அதற்குப் பிறகு திருப்பிக் காட்ட எதுவும் இல்லாததால் போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான், அதற்கடுத்ததும்.

அண்ணன் சிங்கப்பூரை விட்டு ஊரோடு வந்து வருஷம் இரண்டாகிறது. அத்தாவும் அவனும் ஒரே வண்டியில் தோட்டத்துக்குப் போய், பேச்சில்லாமல் திரும்பி வருகிறார்கள். வாதாம் மரத்தை வெட்டியாயிற்று. தொட்டியில் பழைய சார்ஜர் வயர்கள் கிடக்கின்றன. இப்போது படிப்புக்காகத் தேனியில் நான் தங்கியிருக்கும் அறையில் ஒரு சிவப்பு ஃபைட்டர் இருக்கிறது. குளிருக்கு ஹீட்டர் உண்டு, கால்வாசித் தண்ணீரைத் தவறாமல் மாற்றுகிறேன். போன மாதம் அத்தாவை வீடியோவில் கூப்பிட்டு அதைக் காட்டினேன். "நல்லா வச்சிருக்க ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.