ஒகாஃபோரின் வயிற்றுக்குத்து

பேத்தியின் பிறந்தநாளுக்கு அவளுடைய வகுப்பு முழுவதையும் அழைத்திருந்தோம். டென்மார்க்கில் அதுதான் வழக்கம். சிலரை அழைத்துச் சிலரை விடக்கூடாது. இருபத்துமூன்று பிள்ளைகள். இஷொய் என்ற ஊரில் மகளின் வீட்டில் அறைகள் மூன்று, நாற்காலிகள் பதினொன்று. தட்டுகளை நான்தான் வைத்தேன். இரண்டு முறை எண்ணி வைத்தும் கடைசியில் ஒரு தட்டு மிஞ்சியது.

"ஒகாஃபோர் வரமாட்டானாம், மோர்ஃபா. வயிற்றுவலியாம்" என்று பேத்தி டேனிஷில் சொன்னாள். மோர்ஃபா என்றால் அம்மாவின் அப்பா. வகுப்பில் இரண்டு ஆடம் இருப்பதால் இவனைக் குடும்பப் பெயரால் கூப்பிடுகிறார்கள்.

நேற்று என்ன சாப்பிட்டான், சாப்பிட்டானா இல்லையா என்று நான் கேட்கத் தொடங்கினேன். நான்கு தடவை கேட்டேனாம். மகள் கேக் வெட்டும் கத்தியோடு வந்தாள்.

"ஏனப்பா இப்பிடி அந்தரப்படுறியள்? ஒரு பிளேட்தானே மிஞ்சினது."

அவளுக்கு என்ன தெரியும்? அந்தப் பெயருக்காக நான் ஒரு காலத்தில் "பிறசன்ற் சேர்" சொன்னவன்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, நைஜீரியாவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். அந்தப் பக்கம் பிரிந்து பியாஃப்ரா என்ற தனி நாடானது. முப்பத்தொரு மாதங்கள்தான் அது இருந்தது. போர் தொடங்கியதும் மாமா யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் நான்கு உடுப்புகளும் பிள்ளைகளின் வரவு பதியும் ஒரு வகுப்பு இடாப்பும் இருந்தன. புறப்பட்ட அவசரத்தில் பள்ளிக்கூடத்து இடாப்பையும் தூக்கி வந்துவிட்டார்.

மாலையில் அந்த இடாப்பைக் கூப்பிடுவார். நாற்பத்தொரு பெயர்கள். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்லவேண்டும். இடையிடையே அந்த மக்களைப் பற்றியும் சொல்லுவார். இக்போ மக்களுக்கு வாரம் நான்கு நாள்கள். நான்கும் சந்தை நாள்கள். எக்கே அன்று பிறந்தவன் ஒகேகே, அஃபோ அன்று பிறந்தவன் ஒகாஃபோர். எஃபிக், இபிபியோ என்ற சிறிய இனங்களின் பிள்ளைகளும் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுடைய ஊர்களில் எல்லோரும் அந்தப் புது நாட்டை விரும்பவில்லையாம். எனக்கு அதெல்லாம் விளங்கவில்லை. வாரத்துக்கு நான்கு நாள் என்றால் பள்ளிக்கூடம் எத்தனை நாள் என்பதே என் கவலை.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பாதிரியார் அங்கேயே தங்கிவிட்டார். உணவு இறக்கிவிட்டுத் திரும்பும் விமானங்களில் அவருடைய கடிதங்கள் வெளியேறி, பல நாடு சுற்றி எங்களிடம் வரும். முதல் கடிதம் வந்த மாலை மாமா இரண்டு பெயர்களை விட்டுவிட்டார்.

"மாமா, முப்பத்தொன்பதுதான் கூப்பிட்டனீங்கள்."

"அவங்கள் வரேல்லை."

இரண்டாம் கடிதத்துக்குப் பிறகு முப்பத்தாறு. மூன்றாவதுக்குப் பிறகு முப்பத்துநான்கு.

எங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லாமல் வராமல் நின்றால் இரண்டு பிரம்படி. ஆகவே கூட்டாளி வராவிட்டால் குரலை மாற்றி அவனுக்காகப் பதில் சொல்லுவோம். பிடிபட்டால் அவனுக்குக் காய்ச்சல், தலையிடி என்று ஏதாவது வருத்தம் சொல்லுவோம். ஏழு பேருக்குப் பதினான்கு அடி. மூன்றாம் கடிதம் வந்த அன்று மாமா இடாப்பை மூடப் போனபோது நான் எழும்பி, விட்ட பெயர்களை நானே கூப்பிட்டு, ஏழு குரலில் ஏழு "பிறசன்ற் சேர்" சொன்னேன்.

மாமா என்னையே பார்த்தார்.

"ஒகாஃபோர் வந்தவனோ?"

"இல்லை சேர். வயித்துக்குத்து. நேற்றுக் கனக்கச் சாப்பிட்டிட்டான்."

அடுப்படியில் அம்மா சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

"கனக்கவோ?"

"ஓம் சேர். புட்டு, ரண்டு முட்டை, மூண்டு மாம்பழம்."

"பிறகு?"

"பிறகு இடியப்பம், சொதியோடை."

"ஒகேகே?"

ஒகேகேவுக்குச் சோறும் மீன்குழம்பும் கொடுத்தேன். மாமா ஏழு பெயரையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். குறைத்துச் சொன்னால், "அது காணாது, இன்னும் சொல்லு" என்றார். பொய்யை இவ்வளவு ஆசையாகக் கேட்கும் வாத்தியாரை நான் கண்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார். அம்மா அகப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"காணும், விடடா."

"பேசாமல் இரக்கா. அவன் சொல்லட்டும்."

அதற்குப் பிறகு மாமா அந்த இடாப்பை ஒருநாளும் கூப்பிடவில்லை. அந்த மூன்று கடிதங்களையும் அவர் இறந்த பிறகுதான் வாசித்தேன். பசி என்ற சொல் பதினேழு இடங்களில் இருந்தது.

அன்று எனக்கு வேறு கணக்கு. ஏழு பேருக்கு இருபத்தாறு வகைச் சாப்பாடு. ஒருவனுக்கும் அடி விழவில்லை. எல்லோரையும் காப்பாற்றிவிட்ட பெருமையோடு சாப்பிட உட்கார்ந்தேன். மாமா வரவில்லை. அவருக்கு வயிற்றுக்குத்து என்று அம்மா சொன்னார்.

நான் அதை நம்பினேன்.