ஜெனரேட்டரில் சோதிக்காத குளம்

ரஹீம் பாய் டாலாவிலிருந்து போன் செய்தபோது நான் லான்மடாவில் எங்கள் கடையில் இருந்தேன். மதிய நேரம்.

"சயா, குளத்துத் தண்ணியத் தொட்டா சுர்ருங்குது. பிள்ள உள்ள நிக்குது."

நடுவில் ஆறு. போட்டில் கடந்து போய்ச் சேர முக்கால் மணி நேரமாவது ஆகும். எதுவானாலும் போனில்தான் செய்யவேண்டும்.

"நீங்க தண்ணியில கை வைக்காதீங்க பாய். பிள்ளைய ஏணிகிட்ட வர விடாதீங்க, நடுவுலயே நிக்கச் சொல்லுங்க. இப்ப கரண்டா, ஜெனரேட்டரா?"

"கரண்டு போயிருச்சு. ஜெனரேட்டர்தான் ஓடுது."

"மொதல்ல அத அணைங்க. அப்புறம் பிள்ளையத் தூக்குங்க."

அவர் போனை அணைக்காமலே ஓடினார். ஜெனரேட்டர் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் பிள்ளை அழுவது கேட்டது. அதன் பிறகுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நான் எலக்ட்ரீஷியன். பர்மிய மொழியில் 'சயா' என்றால் ஐயா. கடந்த ஆறு வருடமாக இந்தக் கடையில் வேலை. இரும்புச் சட்டத்தில் தடித்த ஷீட் மாட்டி, வீட்டு முற்றத்தில் தரைமேலேயே நிறுத்தும் நீச்சல் குளங்களை விற்கிறோம். குளம் வைக்க நகராட்சியிடம் அனுமதி கேட்கும் மனுவோடு எங்கள் சோதனைத் தாளையும் இணைக்கவேண்டும். அதில் பார்க்கவேண்டியவை: சுற்றிலும் வேலி, பிள்ளைகள் தாங்களாக ஏற முடியாதபடி கழற்றி வைக்கும் ஏணி, பம்புக்கு இ.எல்.சி.பி. கரண்டு கசிந்தால் தானே வெட்டிவிடும் சுவிட்ச் அது. கடைசி வரி: 'கரண்டு, ஜெனரேட்டர் இரண்டு சப்ளையிலும் சோதித்தது.'

பாய் வீட்டுக் குளத்தைச் சோதிக்க நான் போன அன்று ஜெனரேட்டரில் பெட்ரோல் இல்லை. கரண்டில் சோதித்தேன், சரியாக வெட்டியது. ஜெனரேட்டரிலும் வெட்டும் என்று நானே நினைத்துக்கொண்டு டிக் போட்டேன்.

பாய் போன் செய்த அன்றே போய்ப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஜெனரேட்டர் வயர் இ.எல்.சி.பி.யைத் தாண்டி, நேராகப் பம்புக்குப் போயிருந்தது. பம்பின் ஜாயிண்ட் பெட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. கசிவு இருந்தும் வெட்ட ஆளில்லை.

"இது என் தப்பு பாய். சோதிக்காம டிக் போட்டேன்."

அவர் மகளை மடியில் வைத்திருந்தார். "அல்லா காப்பாத்துனான். இப்ப என்ன செய்யணுமோ அதச் செய்யுங்க சயா," என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதலாளி ஊ தாங் பர்மியர், நல்ல மனுஷன். விஷயத்தைச் சொன்னதும் கதவைச் சாத்தினார்.

"ரிப்பேர் பண்ணிட்டு வந்திருங்க. நகராட்சிக்கு எழுதிக் குடுத்தா நம்ம மத்த மனுவெல்லாம் நின்னு போகும்."

"நிக்கட்டும் சயா. அந்தத் தாள்ல என் கையெழுத்து இருக்கு."

எழுதிக் கொடுத்தேன். மனுக்கள் நின்றன. ஊ தாங் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பாய் வீட்டில் இரண்டு சப்ளையும் சேரும் இடத்துக்குப் பிறகு இ.எல்.சி.பி.யை மாற்றி வைத்து, ஜெனரேட்டருக்கும் எர்த் போட்டு, இரண்டிலும் வெட்டுகிறதா என்று பார்த்தேன். பிறகு நான் கையெழுத்துப் போட்ட எல்லா வீட்டுக்கும் போனேன். இன்னும் இரண்டு வீடுகளில் அதே கோளாறு. அதைக் கேட்ட பிறகுதான் ஊ தாங் என்னைப் பார்த்து, "டீ குடிச்சீங்களா?" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பார்க்க முடியாததைப் 'பார்க்கவில்லை' என்றே எழுதுங்கள். போன மாதம்கூட மிங்கலா தாங்ஞுன்ட்டில் ஒரு வீட்டில் ஜெனரேட்டர் ஓடாததால் அப்படியே எழுதினேன்; அந்த வீட்டு அம்மா, "இதுக்குன்னு இன்னொரு நாள் வருவீங்களா?" என்று அலுத்துக்கொண்டார்.

"வருவேம்மா. அதுவரைக்கும் குளத்துல தண்ணி நிரப்பாதீங்க," என்றேன்.