நெக்ஸ்ட் ஹவுஸ் பைற்றர்

ஏரம்பமூர்த்திக்குத் தன் இங்கிலீசில் மலையளவு பெருமை. அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருசம் கிளாக்கராக இருந்தவர். களுதாவளையில் அவர் தெருவில் யாருக்கு இங்கிலீசில் கடிதம் வந்தாலும் இவர்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெருமைதான் மனிசனைக் கெடுத்தது.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. பக்கத்து வீட்டுக் கண்ணகை, சுனாமியில் புருசனைப் பறிகொடுத்தவள், தம்பி றஜீவனோடு இருந்தாள். ஒருநாள் வேலிக்கு மேலால் சொன்னாள்: "அண்ணன், எங்கட வீட்டுல ஒரு பைற்றர் இரிக்கான். தம்பிதான் டவுனால கொண்டாந்தவன். தனியத்தான் வைக்கணும். இன்னொருத்தனக் கண்டா கொல்லாம விடமாட்டான்."

அவள் சொன்னது கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற சண்டைமீனை. பைற்றர் எண்டா என்ன பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் இங்கிலீஸ் படித்த மானம் போய்விடுமே! இயக்கத்து ஆயுதக்காரன் என்று தானே அர்த்தம் பண்ணிக்கொண்டார். ஆமியின் சுத்திவளைப்பு வந்தால் தன் வீடும் சேர்ந்தல்லோ அகப்படும் என்று பயந்தார். மறுகா என்ன, நேரே சந்தியில் ஆமி காவல் நிற்கிற சென்றிக்குப் போய், "பைற்றர், நெக்ஸ்ட் ஹவுஸ்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவருடைய வாய் றஜீவன் தலையில் விடிந்தது. வந்தவர்கள் வீட்டைக் கிண்டிக் கிளறினார்கள். மீன்தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் றஜீவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் அவன் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை.

கண்ணகை தம்பியைக் கூட்டிக்கொண்டு சித்தாண்டியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது தொட்டியை இவர் கையில் தந்தாள். "இவன்தான் அந்தப் பைற்றர். கிணத்துத் தண்ணி உப்பு, மழைத்தண்ணி ஊத்துங்க அண்ணன். நாளுக்கு ஒருக்கா முகம் பாக்கிற கண்ணாடியக் காட்டுங்க, செவுள விரிச்சு ஆடுவான்."

சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சிவப்பு மீன். சீ, இதற்கா!

அன்றிலிருந்து நுளம்புப் புழு பிடித்துப் போட்டார், மழைத்தண்ணி சேர்த்து மாற்றினார். கண்ணாடி காட்டும்போது தன் முகம் அதில் தெரியாமல் திருப்பிப் பிடிப்பார். "அயல் எண்டா உங்களப்போல இரிக்கணும்" என்று தெருவார் மெச்சினால் வெட்கத்தில் உடம்பு கூசும். ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவருக்குக் கண்ணகைக்கு நாலு வரி எழுத வரவில்லை.

அடுத்த வைகாசியில் சண்டை முடிந்தது. ஆனியில் கண்ணகை ஒரு சட்டி எருமைத் தயிரோடு மீனைக் கொண்டுபோக வந்தாள். இவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "தங்கச்சி, அண்டைக்குச் சென்றில சொன்னது நான்தான்."

"தெரியும் அண்ணன். நெக்ஸ்ட் ஹவுஸ் எண்டுதான் தகவல் வந்ததாம், தம்பிக்கு அங்கயே சொல்லிட்டாங்க. இந்தத் தெருவுல இங்கிலீஸ் படிச்சவர் நீங்க மட்டுந்தானே."

இவர் தொட்டியை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"அதாலதான் உங்களிட்ட விட்டுட்டுப் போனன். பைற்றர் ஆரெண்டு நாளும் பொழுதும் பாருங்க எண்டு."

தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். தயிர்ச்சட்டி மேசையில் இருந்தது. அதைத் தொட இவருக்குக் கை வரவில்லை.